மேட்டைப் பள்ளம் என்றவர்

எங்கள் அக்காவின் முதலாம் ஆண்டு நினைவு ஆராதனைக்கு வந்து, ஆலய வாசலில் இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் என் வணக்கம். அட்டைப் படத்தைப் பார்த்து உச்சுக்கொட்டிவிட்டு மலரைக் கைப்பைக்குள் செருகிக்கொள்வது நம் எல்லோருக்கும் உள்ள பழக்கம். நானும் அப்படித்தான் செய்திருக்கிறேன். இன்று மட்டும், ஆராதனை தொடங்குமுன் இந்தக் கட்டுரையை முழுதாகப் படித்துவிடுங்கள். நான் கணக்கு ஆசிரியையாக இருந்தவள். தப்பைக் கண்டால் சிவப்பு மையால் வட்டம் போடாமல் எனக்குத் தூக்கம் வராது.

அக்கா தாம்பரத்தில், ரயில்வே குடியிருப்பில் பிறந்தார். அப்பா ரயில்வேயில் எழுத்தராக இருந்து, நாங்கள் பள்ளிக்கூடம் முடிக்குமுன்னே கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். அம்மா தையல் மிஷினை நம்பி எங்களை வளர்த்தார். அக்கா புவியியல் படித்து, தேர்வெழுதி, வடக்கே ஒரு மத்திய அரசு அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்தார். என்னைக் கல்லூரிக்கு அனுப்பியதும், என் கல்யாணத்தை நடத்தியதும் அந்தச் சம்பளம்தான். தனக்கென்று ஒரு கல்யாணத்தைப் பற்றி யாராவது பேச்செடுத்தால், "சமையல் பண்ணத் தெரிஞ்ச மாப்பிள்ளையா இருந்தா சொல்லுங்க" என்று சிரித்தே அனுப்பிவிடுவார்.

என்ன வேலை என்று கேட்டால், "படம் பாக்குற வேலை" என்பார். உறவுக்காரர்கள் பலர் அவர் சென்சார் போர்டில் இருப்பதாகவே கடைசிவரை நினைத்துக்கொண்டிருந்தார்கள். உண்மையில் அவர் பார்த்தது விமானமும் செயற்கைக்கோளும் மேலிருந்து எடுத்த படங்கள். எல்லைக்கு அப்பால் அயல்நாட்டு ராணுவம் எங்கே கூடாரம் போடுகிறது, எங்கே சாலை வெட்டுகிறது, எங்கே பீரங்கிகளைக் கொண்டுவந்து சேர்க்கிறது என்று பார்த்து எழுதிக் கொடுக்க வேண்டும். இதை அவர் பணியில் இருந்தவரை எங்களிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஓய்வு பெற்றுச் சேலையூரில் என்னோடு குடியிருந்தபோதும் சொல்லவில்லை. அவரைச் சொல்ல வைத்தவர் ஒருவர் உண்டு. அவர் அக்காவுக்கு மேலதிகாரியாக இருந்தவர். ஓய்வுக்குப் பிறகு அவரும் எங்கள் வீட்டுக்கு அருகில் கேம்ப் ரோடு பக்கமே வீடு கட்டி, நம் சபைக்கே வந்து சேர்ந்தார். பெயர் எழுத எனக்கு மனமில்லை. உங்களுக்குத் தெரியும்.

ஒரு சுதந்திர தினத்தன்று ஆலய ஹாலில் அவரைப் பேச அழைத்திருந்தார்கள். "அந்தப் பக்கத்து மிலிட்டரி வந்து குமியுறத படத்துல மொதல்ல பாத்தது நான்தான். பள்ளம்னு எல்லாரும் சொன்னாங்க. நான் ஒருத்தன்தான் அது மேடுன்னு சொன்னேன்" என்றார். கைதட்டல் ஹாலைத் தூக்கியது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அக்கா மட்டும் கைதட்டவில்லை.

"என்னக்கா, இவருகிட்டதான நீ வேல பாத்த?" என்று கேட்டேன்.

"வீட்டுக்குப் போய் சொல்றேன் பாப்பா. பிரியாணி பாக்கெட் குடுக்குறாங்க பாரு, வாங்கிக்கோ" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் என் ஃபோனை வாங்கி, மேலிருந்து எடுத்த படமாக ஓர் இடத்தைக் காட்டினார். ஊர்ப் பெயர்களை மறைத்திருந்தார்.

"இது என்ன, சொல்லு."

"ஏதோ பெரிய பள்ளம். கல்குவாரியா?"

ஃபோனை அப்படியே தலைகீழாகத் திருப்பிக் காட்டினார். பள்ளம் எழுந்து நின்றது. திருநீர்மலை! தினமும் மொட்டை மாடியிலிருந்து பார்க்கிற மலை எனக்கே குழியாகத் தெரிந்திருக்கிறது. நிழல் நம்மை நோக்கி விழுகிற மாதிரி படத்தைப் பிடிக்க வேண்டுமாம். இல்லாவிட்டால் கண் ஏமாந்து மேட்டைப் பள்ளமாகக் காட்டும் என்றார். நம் நாட்டில் வெயில் பெரும்பாலும் தெற்கிலிருந்து விழுவதால், வடக்கை மேலே வைத்தால்தான் இந்த வம்பு வருமாம். அதனால் அவர்கள் வேலையில் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பது பல் தேய்ப்பது போன்ற பழக்கம்.

அந்த அதிகாரிக்கு அந்தப் பழக்கம் இல்லை. வடக்கு மேலே இருந்தால்தான் அவருக்குப் படம். ஒரு வருடம், பயிற்சிக்கு வந்த அயல்நாட்டுப் படை பயிற்சி முடிந்தும் திரும்பிப் போகவில்லை. கூடாரங்களுக்குப் பின்னால் அரைவட்டமாகப் புதிதாக ஏதோ தெரிந்தது. மண்மேடு, அதன் மறைவில் பீரங்கி நிறுத்தப் போகிறார்கள் என்று அக்கா எழுதிக் கொடுத்தார். ரோடு போட மண் எடுத்த பள்ளம் என்று சொல்லி அதிகாரி அதை அடித்துவிட்டார். "சார், ஒரே ஒரு தடவ திருப்பிப் பாருங்க சார்" என்று அக்கா கெஞ்சியிருக்கிறார். "எனக்கு நீங்க பாடம் எடுக்காதீங்கம்மா" என்று பதில். மாற்றம் ஏதும் இல்லை என்று அறிக்கை மேலே போனது.

பிறகு அந்தப் படை முன்னேறி வந்தது. நம் ராணுவப் பிள்ளைகள் சிலர் எல்லை மலையிலிருந்து திரும்பி வரவில்லை. எந்த இடம் என்று அக்கா என்னிடம் சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை. விசாரணை வந்தபோது அதிகாரி சொன்னது இதுதான்: படத்தைப் பார்த்தது அந்த அம்மா, அவர் கவனிக்கத் தவறிவிட்டார். அக்காவைப் பழைய படங்கள் அடுக்கி வைக்கும் அறைக்கு மாற்றினார்கள். ஓய்வு பெறும்வரை அங்கேதான் இருந்தார். அதிகாரிக்கோ, அதை மேடு என்று கண்டுபிடித்தவர் என்று பாராட்டும் மாலையும் கிடைத்தன.

"திரும்பி வராத பசங்களோட அம்மாங்க, யாரோ ஒரு பொம்பள தூங்கிட்டா, அதான் இப்பிடி ஆச்சுன்னு நெனச்சிட்டு இருப்பாங்க பாப்பா. அந்தப் பொம்பள நானில்லன்னு ஒரு நாள் எல்லார் முன்னாடியும் சொல்லணும்" என்றார் அக்கா. ஆலய ஹாலில் அவர் பேசும் அடுத்த கூட்டத்தில் எழுந்து கேட்பது என்று முடிவு செய்திருந்தார். அதற்குள் புற்றுநோய் முந்திக்கொண்டது.

ஆஸ்பத்திரிக்கு அந்த அதிகாரியும் ஆப்பிள் பையோடு வந்தார். "சிஸ்டர், பழசெல்லாம் மறந்துடுங்க, ஜெபம் பண்ணுவோம்" என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அக்கா கண்ணைத் திறந்து, "எத மறக்கணும்னு சொல்லுங்க சார், மறந்துடறேன்" என்றார். மனிதர் ஆப்பிள் பையை மேஜைமேல் தள்ளித் தள்ளி வைத்தார். "அப்ப கெளம்புங்க. டாக்டர் வர்ற நேரம்" என்று அக்கா திரும்பிப் படுத்துக்கொண்டார். ஆப்பிள்களை வார்டு ஆயாவிடம் கொடுத்துவிட்டேன். அந்த வாரமே அக்கா எங்களை விட்டுப் போனார்.

இந்த மலருக்கு அந்த அதிகாரியும் ஓர் அஞ்சலி அனுப்பியிருந்தார். 'என் வழிகாட்டுதலில் வளர்ந்த சகோதரி' என்று தொடங்கியது. படித்ததும், இதை அச்சிட மாட்டேன் என்று சபையில் சொல்லிவிட்டேன். நம் சபை ஆயர் எங்கள் வீட்டுக்கு வந்து, "மன்னிச்சு விட்டுடுங்கம்மா, நினைவு நாள்ல இதெல்லாம் எதுக்கு?" என்றார். "அவரு மன்னிப்பே கேக்கலயே ஐயா. கேக்காத மன்னிப்ப நான் எந்தக் கையால குடுக்கறது?" என்றேன். நல்ல மனிதர், காப்பியைக் குடித்துவிட்டுக் கிளம்பினார்.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் இருக்கிறார்கள். ஒவ்வொரு கீமோவுக்கும் காரை எடுத்து வந்த எதிர்வீட்டு அண்ணனுக்கு, ரத்தம் கொடுத்த கல்லூரிப் பிள்ளைகளுக்கு, அக்காவுக்குப் பிடித்த மிளகு ரசத்தைத் தினமும் வைத்துக் கொடுத்த மாடி வீட்டு அக்காவுக்கு, முகம் சுளிக்காமல் பார்த்துக்கொண்ட நர்ஸ் பிள்ளைகளுக்கு எங்கள் குடும்பம் என்றும் கடன்பட்டிருக்கிறது.

அந்த அதிகாரியின் அஞ்சலியை நான் அச்சிடவில்லை. ஆராதனையில் பேசவும் அவருக்கு இடமில்லை. ஆனால் வர வேண்டாம் என்று சொல்லவில்லை. வருந்தி வருந்தி அழைத்திருக்கிறேன். முன்வரிசையில் நடுவில் அவருக்கு இடம் வைத்திருக்கிறேன். இந்த மலரின் முதல் பிரதியை வாசலில் நானே அவர் கையில் கொடுப்பேன். நீங்கள் படித்து முடிக்கும் இந்த நேரம் அவரும் முடித்திருப்பார். அக்காவின் பேரில் உங்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். மலரை மூடிவிட்டு, தலை நிமிர்ந்து, எல்லோரும் அவரைப் பாருங்கள்.