அல்ஜீப்ரா நோட்டில் வைத்த கடிதம்

ஓஹாயோவில் நான் வேலை பார்க்கும் மருத்துவமனைப் பரிசோதனைக்கூடத்தில் பார்பரா என்றொரு பெண் இருக்கிறாள். நாற்பது வயது, மூன்று பிள்ளைகள். அவள் விரலில் சிவப்புக் கல் பதித்த தடித்த மோதிரம் ஒன்று கிடக்கும். வேலைக்குச் சேர்ந்த வாரத்தில், அது எந்தக் கிரகத்துக்காகப் போட்டது என்று கேட்டுவிட்டேன். அவள் விழித்தாள். நான் மேலே கையைக் காட்டி, செவ்வாயா என்றேன். பிறகுதான் விளங்கியது, அவள் உயர்நிலைப் பள்ளி முடித்தபோது வாங்கிய மோதிரமாம் அது. இங்கே எல்லாரும் வாங்குவார்களாம். கல்யாண மோதிரத்தைக்கூடக் கழற்றி வைத்துவிட்டுப் பாத்திரம் கழுவுகிறவள், இதை மட்டும் கழற்றுவதில்லை.

மத்தியானச் சாப்பாட்டு மேசையில் இவர்கள் பேசுவது பெரும்பாலும் பள்ளிக்கூடத்தைப் பற்றித்தான். யார் யாருடன் நடனமாடினார்கள், எந்த வாத்தியாரின் நாற்காலியில் பசை தடவினார்கள். காரைக்குடியில் நாற்பது வயதுப் பெண்கள் கூடினால் மகளுக்கு வரன் பார்ப்பதைப் பேசுவார்கள், மூட்டு வலியைப் பேசுவார்கள். பதினாறு வயதை யாரும் வாயில் எடுத்து நான் கேட்டதில்லை. எடுக்கும்படி எங்களுக்கு அந்த வயதில் என்ன இருந்தது?

இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு சனிக்கிழமை மத்தியானம், பார்பரா என்னைச் சினிமாவுக்கு அழைத்துப் போனாள். அந்தக் காலப் பள்ளிக்கூடத்தைப் பற்றிய நகைச்சுவைப் படம். இந்த மாதிரிப் படங்களுக்கு இப்போது இங்கே நல்ல கூட்டம். அரங்கில் பாதிப் பேருக்கு மேல் அவள் வயதுக்காரர்கள். திரையில் ஒரு பழைய காரைப் பார்த்ததற்கே கைதட்டினார்கள். கதை என்று பெரிதாக இல்லை. பையன்களும் பெண்களும் ஒருவரையொருவர் ஏமாற்றி விளையாடிக்கொண்டே இருந்தார்கள். பாதிப் படத்தில் இரண்டு பெண்கள், பந்தாட்டக்காரப் பையன் எழுதியதுபோல ஒரு காதல் கடிதம் எழுதி மூன்றாவது பெண்ணின் புத்தகத்தில் வைத்தார்கள். அது ஆசிரியை கையில் சிக்கியது. அவர் அதை வகுப்பில் உரக்கப் படித்தார். அரங்கமே குலுங்கியது. பார்பரா கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். நான் திரையிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

அறுபதுகளின் நடுவில் காரைக்குடியில் பெண்கள் பள்ளி ஒன்றில் நான் பத்தாம் வகுப்புப் படித்தேன். அப்பா ஆஸ்பத்திரியில் கம்பவுண்டர். என் பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்தவள் வள்ளியம்மை. திருக்கோஷ்டியூருக்குப் பக்கத்து ஊரில் நகரத்தார் வீட்டுப் பெண். தாய்மாமன் வீட்டில் தங்கிப் படித்தாள். வகுப்பில் எப்போதும் முதல் இடம் அவளுக்கு, இரண்டாவது எனக்கு. கரும்பலகையில் டீச்சர் கணக்கை எழுதி முடிப்பதற்குள் விடையைச் சொல்லிவிடுவாள். மதுரையில் கல்லூரிக்குப் போய்க் கணக்கு டீச்சராக வேண்டும் என்பாள். அவளை எனக்கு மிகவும் பிடிக்கும். அவளுக்கு அடுத்தவளாகவே இருப்பது பிடிக்காது. இரண்டும் உண்மை.

குன்றக்குடிப் பக்கமிருந்து நாலு பையன்கள் சைக்கிளில் எங்கள் பள்ளியைத் தாண்டித் தங்கள் பள்ளிக்குப் போவார்கள். ஒருநாள், அவர்களில் ஒருவன் எழுதியதுபோல நாலு வரி எழுதினேன், எழுத்துத் தெரியாமலிருக்க இடது கையால். ‘உன்னைப் பார்க்காத நாள் எனக்கு நாளில்லை’ என்று ஒரு வரி நினைவிருக்கிறது. வள்ளியின் அல்ஜீப்ரா நோட்டில் அதைச் செருகினேன். இடைவேளையில் அவள் பார்த்து முகம் சிவக்க வேண்டும், நான் கைகொட்டிச் சிரிக்க வேண்டும், அவ்வளவுதான் திட்டம். ஆனால் இடைவேளைக்கு முன்பே கணக்கு டீச்சர் எல்லாருடைய நோட்டையும் திருத்த வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

அடுத்த நாள் தலைமையாசிரியை வகுப்புக்கே வந்தார். படத்தில் வந்ததுபோல உரக்கப் படிக்கவில்லை. கடிதத்தை மடித்துக் கையில் வைத்திருந்தார்.

“யாருடி அவன்?”

“தெரியாது டீச்சர். சத்தியமாத் தெரியாது.”

ஒரு பெண் எழுதியிருக்கலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை. நான் எழுந்து சொல்லியிருந்தால் ஒரு நிமிஷத்தில் முடிந்திருக்கும். எழுந்திருக்கவில்லை. மத்தியானத்துக்குள் அப்பச்சி என்று அவள் கூப்பிடும் அவளுடைய அப்பா ஊரிலிருந்து வந்துவிட்டார். வெள்ளை வேட்டி, மெதுவான குரல். அடிக்கவில்லை, திட்டவில்லை.

“படிச்சவரைக்கும் போதும் ஆத்தா. பையை எடுத்துக்கிட்டு வா.”

வள்ளி பையை எடுத்துக்கொண்டு என்னிடம் குனிந்து, “நாளைக்கு ஜாமென்ட்ரி டெஸ்டுல்ல? டீச்சர்கிட்ட என் நோட்டை வாங்கி வச்சிரு சிவகாமி, வந்துருவேன்” என்றாள்.

அவள் வரவேயில்லை. தை மாதம் கல்யாணம் என்று பத்திரிகை வந்தது. அன்றைக்குத்தான் அம்மாவிடம் அழுதுகொண்டே சொன்னேன். அம்மா முதலில் போய்க் கதவைச் சாத்தினாள்.

“வாயைத் திறக்காதே. இப்பச் சொன்னா அவளைத் திருப்பிச் சேத்துக்கவா போறாக? உன்னையும்ல நிப்பாட்டிருவாக.”

நான் வாயைத் திறக்கவில்லை. முழுப் பரீட்சையில் எனக்கு முதல் இடம். மதுரைக் கல்லூரி, பிறகு பட்டம், படித்த பெண்தான் வேண்டும் என்று கேட்டுவந்த அமெரிக்க மாப்பிள்ளை. இந்த நாட்டில் நான் நிற்கும் இடம் வரைக்குமான வழி, அவள் எழுந்துபோன பெஞ்சிலிருந்துதான் தொடங்குகிறது.

படம் முடிந்து வெளியே வந்ததும், உங்கள் ஊரிலும் இப்படித்தானா என்று பார்பரா கேட்டாள். எனக்கு என்ன தோன்றியதோ, சொன்னேன். என் பள்ளியிலும் ஒரு கடிதம் வந்தது, அந்தப் பெண்ணைப் படிப்பை நிறுத்திக் கல்யாணம் செய்துவைத்துவிட்டார்கள் என்றேன்.

“அடடா! அந்தப் பையனையே கட்டிக்கொண்டாளா? எவ்வளவு அழகான கதை!”

“பையனே இல்லை. நான்தான் எழுதினேன்.”

அவள் நடைபாதையிலேயே நின்று என் தோளைத் தட்டித் தட்டிச் சிரித்தாள். திங்கட்கிழமைக்குள் கூடம் முழுக்கப் பரவிவிட்டது, வாய் பேசாத சிவகாமி பள்ளிக்கூடத்தில் பெரிய குறும்புக்காரி என்று. இவர்களுக்கு இந்தப் படங்கள் ஏன் இனிக்கின்றன என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. இவர்களுடைய பள்ளிக்கூடத்தில் தவறு செய்தவர்களுக்கு ஒரு வாரம் தண்டனை, அதற்குப் பிறகு நடனம். எதுவும் யாருடைய வாழ்க்கையையும் தொடவில்லை. அதனால்தான் இருபது வருஷம் கழித்து, டிக்கெட் வாங்கிக்கொண்டு திரும்பிப் போய்ப் பார்க்க முடிகிறது.

போன வருஷம் ஊருக்குப் போனபோது வள்ளியைத் தேடிப் போனேன். கண்டரமாணிக்கத்தில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். அவள் கணவருக்கு மெட்ராஸில் வியாபாரம், மாதம் ஒருமுறை வருவார். அந்தப் பெரிய வீட்டில் அவளும் பிள்ளைகளும்தான்.

“சிவகாமியா! அமெரிக்காவுல இருக்கேன்னு சொன்னாக. இங்குட்டு வந்து உக்காரு, காத்து வரும்.”

காபி கொடுத்தாள். என் கையைப் பிடித்துக்கொண்டாள். பத்து வயது மகள் நோட்டைக் கொண்டுவந்து நீட்ட, ஒரு பார்வைதான் பார்த்தாள். “நாலாவது வரியில கழிக்கிறதுக்குப் பதிலாக் கூட்டியிருக்கே, போய்ச் சரி பண்ணு” என்று திருப்பிக் கொடுத்தாள். அதற்கு மேல் என்னால் முடியவில்லை. சொல்லிவிட்டேன்.

“இன்னொருக்கச் சொல்லு” என்றாள். சொன்னேன்.

“அப்ப அந்தப் பையன்?”

“பையனே கிடையாது வள்ளி.”

அவள் என் கையை விட்டுவிட்டாள்.

“நாலு பேரு சைக்கிள்ல போவாகல்ல, அதுல பச்சைச் சட்டைக்காரன்னு நினைச்சுக்கிட்டேன். இத்தனை வருசமும். படிப்பு போச்சு, போகட்டும். எனக்குன்னு ஒருத்தன் நாலு வரி எழுதுனான், அதுக்குத்தானே போச்சுன்னு இருந்தேன்.” குரல் உயரவேயில்லை. “இதைச் சொல்லத்தான் அம்புட்டுத் தூரத்துல இருந்து வந்தியாக்கும்?”

“மன்னிச்சிரு வள்ளி.”

“காபி ஆறுது, குடி.”

மன்னிப்புக் கேட்டுப் பாரத்தை இறக்கிவைக்கப் போனவள் நான். அவளிடம் மிச்சமிருந்ததையும் பிடுங்கிக்கொண்டு வந்தேன். வாசல் வரை வந்தாள். போயிட்டு வா என்று சொல்லவில்லை. “பஸ்ஸுக்கு நேரமாச்சு” என்றாள்.

ஓஹாயோ திரும்பிய வாரம், கூடத்தில் புதிதாகச் சேர்ந்திருந்த பெண்ணிடம் பார்பரா, இவள் பள்ளியில் செய்ததைக் கேள், படத்தில் வருவது போலவே இருக்கும் என்றாள். மாட்டேன் என்றிருக்கலாம். சொன்னேன். இடது கையால் எழுதியதைச் சொன்னபோது மேசை முழுக்கச் சிரிப்பு. டீச்சர் நோட்டை வாரிக்கொண்டு போனதை நடித்தே காட்டினேன். இவர்கள் எந்த இடத்தில் சிரிப்பார்கள் என்பது எனக்குப் பழகிவிட்டிருந்தது.

“பிறகு என்ன ஆயிற்று?” என்று கேட்டாள் புதியவள்.

“என்ன ஆகும்? எல்லாரும் பெரியவர்களாகி அவரவர் வழியில் போய்விட்டோம்.”

மறுபடி சிரித்தார்கள். நான்கு வருஷமாக அந்த மேசையின் ஓரத்தில் உட்கார்ந்து சாப்பிட்ட என்னை, அன்றைக்குத்தான் நடுவில் உட்கார வைத்தார்கள். பார்பரா தன் தட்டிலிருந்த கேக்கில் பாதியை வெட்டி என் பக்கம் நகர்த்தினாள். நன்றி சொல்லிவிட்டு, ஒரு துண்டு மிச்சம் வைக்காமல் அதைத் தின்றேன்.