மருதாணி அக்காவின் ஓராண்டுத் திட்டம்

ஜோசபினுக்கு வாய்த்த பட்டம் 'மருதாணி அக்கா'. ஆனால் அவள் ஓவியர். பகலில் சிங்கப்பூரின் புக்கிட் மேராவில் ஒரு பல் கிளினிக்கில் வரவேற்பு மேசையில் இருப்பாள். மற்ற நேரமெல்லாம், அடுக்குமாடி ஜன்னல்களுக்கு வெளியே மூங்கில் கழிகளில் காயும் துணிகளை எண்ணெய் வண்ணத்தில் வரைவாள். மருதாணிக் கோனைச் சரியாகப் பிடிக்கக்கூட அவளுக்குத் தெரியாது.

பட்டம் கொடுத்த புண்ணியவான் கதிரேசன். தேக்கா வட்டாரத்தில் தீபாவளிக்குத் தீபாவளி கண்காட்சி நடத்தும் சங்கத்தின் செயலாளர். சென்ற ஆண்டு ஜோசபினின் படமும் அங்கே தொங்கியது. அதை அவளிடம் வாங்கி ஆணியடித்து மாட்டியவனே அவன்தான். படத்தைத்தான் பார்த்தானே தவிர முகத்தைப் பார்க்கவில்லை.

திறப்பு நாளில் பட்டுச்சேலை கட்டித் தன் படத்தருகே நின்றாள். ஓவியக்கூடம் நடத்தும் லொரைன் வந்தார். அந்த அம்மாள் தன் கூடத்துச் சுவரில் ஒரு படத்தை மாட்டினால் வரைந்தவரின் தலையெழுத்தே மாறிவிடும். அவர் ஜோசபினைப் பார்த்து, "இவங்க?" என்றார்.

"நம்ம அக்கா. மருதாணி நல்லா போடுவாங்க லா," என்றான் கதிரேசன்.

லொரைன் ஆசையாகக் கையை நீட்டினார். பக்கத்து மருதாணி மேசையிலிருந்து கோனை எடுத்து ஜோசபின் கையில் அவனே திணித்தான். நான் ஓவியர் என்று சொல்ல வேண்டியதுதானே? வாயில் கொழுக்கட்டை வைத்தவள்போல் நின்றாள் மடச்சி. பிறகு தன் படத்துக்கே முதுகு காட்டி உட்கார்ந்து, கோணல்மாணலாக ஒரு மாங்காய் வரைந்து கொடுத்தாள்.

அன்றிலிருந்து கறுவத் தொடங்கினாள். பூசையில் பாதிரியார் மன்னிப்பைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் எழுந்து கழிப்பறைக்குப் போய்விடுவாள்.

புத்தாண்டு பிறந்ததும் தேவாலயக் காலண்டரில், திருநாள்களுக்கு நடுவே அந்த ஆண்டின் கலை நிகழ்ச்சிகளையெல்லாம் குறித்தாள். ஜனவரியில் கலை வாரம், ஏப்ரலில் தமிழ்மொழி விழா, ஜூனில் ஓவியர்கள் பட்டறையைத் திறந்து காட்டும் நாள். லொரைன் வரக்கூடியவற்றுக்குப் பச்சை மை, கதிரேசன் வரக்கூடியவற்றுக்குச் சிவப்பு. பச்சை ஒன்றையும் விடவில்லை, சிவப்புப் பக்கம் தலைவைத்தும் படுக்கவில்லை. அவன் கண்ணில் படாமலே ஆளாகிக் காட்ட வேண்டும் என்ற வெறி.

முன்பின் தெரியாதவர்களிடம் பேசுவதென்றால் அவளுக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். அதற்காகக் கிளினிக்கில் தாடையைப் பிடித்துக்கொண்டு வந்தவர்களிடமெல்லாம், "நான் ஜோசபின், ஓவியர்" என்று சொல்லிப் பழகினாள். பாவம், அவர்களால் மறுத்துப் பேசவும் முடியவில்லை.

ஜூன் மாதப் பட்டறை நாளில் பலன் கிடைத்தது. மழைக்கு முன் அவசரமாக உள்ளே இழுக்கப்படும் ஒரு பள்ளிச் சீருடையின் படம். அதன் முன்னால் நின்ற லொரைன், "யாரு வரைஞ்சது?" என்று கேட்டார்.

"நான்தான். ஜோசபின், ஓவியர்."

"அக்டோபர்ல என் ஹாலுக்குக் கொண்டு வாங்க."

ஆயிரம் பேரைச் சந்திக்கும் அவருக்கு மருதாணியும் நினைவில்லை, அதைப் போடச் சொன்னவனும் நினைவில்லை.

அக்டோபர் திறப்பு விழாவுக்கு வேண்டுமென்றே அதே பட்டுச்சேலையைக் கட்டிக்கொண்டு போனாள். கதிரேசன் வந்தான். சங்கத்தின் கண்காட்சிக்கு அடுத்த ஆண்டு இடமில்லை, லொரைனின் ஹாலைக் கேட்க வந்திருந்தான். சுவரில் இருந்த பெயரைப் பார்த்துவிட்டு படத்தருகே நின்ற அவளிடம் நேரே வந்து பல்லிளித்தான்.

"அக்கா, நீங்க நம்ம சங்கத்து ஆளு. மேடம்கிட்ட என்னைக் கொஞ்சம் இன்ட்ரொடியூஸ் பண்ணி விடுங்க லா."

ஜோசபினுக்கு வயிறு குளிர்ந்தது. இவ்வளவு நல்லவனா இவன்! தானாகவே வந்து கழுத்தை நீட்டுகிறானே!

"வாங்க," என்று அழைத்துப் போனாள்.

"இவர்?" என்றார் லொரைன்.

"நம்ம அண்ணன். நாற்காலி நல்லா அடுக்குவாரு."

கதிரேசன் சிரித்தான். பிறகு அந்தச் சேலையைப் பார்த்தான். சிரிப்பு நின்றது. வாயைத் திறப்பதற்குள் லொரைன் முந்திக்கொண்டார்.

"அப்பாடா! பின்னால நாற்காலி பத்தல, அண்ணே. சாரி, கொஞ்சம் எடுத்துப் போடுறீங்களா?"

ஹால் வேண்டுமே! நான் செயலாளர் என்று சொல்ல வேண்டியதுதானே? அவனும் சொல்லவில்லை. போய் நாற்காலிகளைத் தூக்கி வந்தான். வியர்த்திருந்தது.

"இங்க ஒண்ணு போடுங்க அண்ணே," என்று தன் படத்துக்கு முன்னால் கையைக் காட்டினாள் ஜோசபின்.

போட்டான். அவள் சேலை மடிப்பைச் சரிசெய்துகொண்டு அதில் சாவகாசமாக உட்கார்ந்தாள்.