முதலில் துடைத்தது மெஷினை

விருத்தாசலத்தில் பீங்கான் சாமான்கள் செய்யும் ஒரு சிறிய கம்பெனியில் பதினொரு வருடமாக வேலை பார்க்கிறேன். போன மாதம் நடந்ததை நினைத்தால் என் மேலேயே எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

அன்று காலை, சரக்கு வாங்குகிறவர்கள் கம்பெனியைப் பார்க்க வருவதாக இருந்தது. பக்கத்து மெஷினில் மண்ணை அச்சில் அழுத்திக்கொண்டிருந்த செல்வியின் விரல்கள் உள்ளே மாட்டிக்கொண்டன. மெஷினை நிறுத்திக் கையை வெளியே எடுத்தோம். ரத்தம் கொட்டியது.

ஓடி வந்த சூப்பர்வைசர் அவள் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. "அவங்க வர்ற நேரம். மொதல்ல மெஷின தொடைங்க. இவள பின்னாடி உக்கார வைங்க" என்றார்.

நானும் துணியை எடுத்துத் துடைத்தேன். வாளித் தண்ணீர் சிவக்கும் வரை துடைத்தேன். செல்வியை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனது, மண் இறக்க வந்திருந்த லாரி டிரைவர்.

நல்லவேளையாக விரல்கள் தப்பின. மறுநாள் பழம் வாங்கிக்கொண்டு அவளைப் பார்க்கப் போனேன்.

"ஒங்களத்தான் கூப்ட்டேன்க்கா. நீங்க தொடச்சிக்கிட்டே இருந்தீங்க. காதுல வுழலியா?" என்று கேட்டாள்.

"வுழுந்துச்சி செல்வி" என்றேன். பொய் சொல்ல வாய் வரவில்லை.

இப்போதெல்லாம் யாருக்கு அடிபட்டாலும், யார் என்ன சொன்னாலும், கையிலிருப்பதைப் போட்டுவிட்டு அவர்களிடம்தான் முதலில் ஓடுகிறேன். போன வாரம் அதே சூப்பர்வைசரின் காலில் பலகை விழுந்தது. அந்த ஆளைத் தொடவே எனக்குக் கூசியது. ஆனாலும் முதலில் ஓடியது நான்தான்.