பனிக்குள் நின்ற கப்பல்

அன்று பள்ளிக்கூடம் மூடியிருந்ததால் மகளையும் என் வான் வண்டியில் ஏற்றிக்கொண்டுதான் வேலைக்குப் போனேன். அவளுக்கு ஏழு வயது. அவளுடைய அம்மா எங்களைப் பிரிந்துபோய் மூன்று வருடமாகிவிட்டது; ரொறன்ரோவில், மல்வேர்ன் பகுதியில் நானும் மகளும்தான். நான் ஹீற்றர் திருத்துகிறவன். வீடு, கடை, கோயில் எல்லாம் போயிருக்கிறேன். கப்பலுக்குப் போனது அதுதான் முதல்தடவை.

குளிர்காலத்தில் ரொறன்ரோத் துறைமுகத்தில் ஏரிக் கப்பல்களைக் கட்டிவைப்பார்கள். வேலையாட்கள் வீட்டுக்குப் போய்விட, காவலுக்கு ஒருவர் மட்டும் தங்குவார். நாங்கள் போன கப்பலின் ஏணி மேலே ஒரு பெண் நின்றார். தடித்த ஜக்கெற், எண்ணெய் பட்ட கையுறை. கப்பல்காரர் எங்கே என்று ஆங்கிலத்தில் கேட்டேன். நான் மகளுடன் தமிழில் பேசியது அவர் காதில் விழுந்திருக்க வேண்டும்; தமிழிலேயே பதில் வந்தது.

"நான்தான் கப்பல்காரி. ஏணி சறுக்கும், பிள்ளையைப் பிடிச்சுக்கொண்டு வாங்கோ."

திருகோணமலையில் பிறந்தவர். பதினொரு வருடமாகக் கப்பலில் வேலை.

மத்தியானத்துக்குள் ஹீற்றர் சரிவந்துவிட்டது. வெளியே வந்து பார்த்தால் பனிப்புயல்; வான் வண்டியைக் காணவில்லை. அது நின்ற இடத்தில் வெள்ளையாய் ஒரு மேடு. பனி தள்ளும் லொறி அடுத்த நாளும் வராது என்று போனில் சொன்னார்கள்.

"இருபது கபின் சும்மா கிடக்கு," என்றார் அவர். "விரும்பினதில படுங்கோ. சோறும் மீன்ரின்னும் இருக்கு."

இரண்டு நாட்கள் அப்படியே போயின. நேரம் என்ன என்று நான் பார்க்கவேயில்லை. இரண்டாம் நாள் எங்களைச் சுக்கான் அறைக்குக் கூட்டிப்போனார். கண்ணாடிக்கு அப்பால் ஏரியும் இல்லை, நகரமும் இல்லை. பனி மட்டும் எதிரே பறந்து பறந்து வந்துகொண்டிருந்தது. மகள் சுக்கானைப் பிடித்தபடி கத்தினாள்.

"அப்பா, கப்பல் போகுது!"

உண்மையாகவே போவது போலத்தான் இருந்தது. எனக்கும் கால் தளம்பியது.

"எங்க போறம், கப்டன்?" அவர் சிரிக்காமல் கேட்டார்.

"வெயில் இருக்கிற இடத்துக்கு."

"அப்ப தெற்கால திருப்புங்கோ."

எங்கோ போய்க்கொண்டே மகள் அங்கிருந்த வாங்குப் பலகையில் நித்திரையாகிவிட்டாள். கீழே பனிக்கட்டி கப்பலோடு உரசி முனகியது.

"தனிய இருக்கப் பயமில்லையோ?" என்று கேட்டேன்.

"கப்பலில இல்லை. கரையில அறை எடுத்து இருக்கத்தான் பயம். அங்க ஆரையும் தெரியாது. அதுதான் காவலுக்கு நிக்கிறன்."

"பிள்ளை படுத்திட்டால் எனக்கும் வீட்டில கதைக்க ஆளில்லை."

"இப்ப கதையுங்கோவன்."

இருட்டும்வரை கதைத்தேன். யாரிடமும் சொல்லாததையெல்லாம் சொன்னேன். அவர் இடையில் எழும்பி, தன் ஜக்கெற்றால் மகளைப் போர்த்திவிட்டு வந்து, முன்னையைவிடக் கிட்ட இருந்தார்.

மூன்றாம் நாள் லொறி வந்தது. கருவிப் பெட்டியை மெதுவாகத்தான் அடுக்கினேன்.

"ஹீற்றர் திரும்பப் பழுதானால் கூப்பிடுங்கோ," என்றேன்.

"பழுதாகாட்டிக் கூப்பிடக் கூடாதோ?"

காவலுக்கு மாற்றாள் வந்த ஞாயிறுகளில் அவர் பஸ் எடுத்து மல்வேர்னுக்கு வந்தார். பங்குனியில் கப்பல் புறப்பட இருந்தபோது சொன்னார்: "இனி தைக்குத்தான் வருவன். பிள்ளைக்கு ஆசை காட்டிப்போட்டுப் போற மாதிரி இருக்கு. இது வேணுமோ எண்டு யோசியுங்கோ."

அவர் எங்களோடு சேர்ந்தால் சரியா என்று மகளிடம் கேட்டேன்.

"திரும்பி வருவா எண்டால் ஓகே, அப்பா," என்றாள்.

அந்தக் கோடையில் கப்பல் கால்வாய் கடக்கும் நாளை அறிந்து நானும் மகளும் அங்கே போனோம். கப்பலை உயர்த்த இரு மதில்களுக்கிடையே நிறுத்தித் தண்ணீர் நிரப்புவார்கள்; அது ஏற ஏற, மதிலுக்குக் கீழே இருந்து அவருடைய முகம் மெல்ல மேலே வந்தது. கையெட்டும் தூரம். கால் மணி நேரம் கதைத்திருப்போம். அதற்குள் முன்கதவு திறந்து கப்பல் நகர்ந்துவிட்டது.

தையில் வந்தார். அந்த மாதமே பதிவுத் திருமணம் செய்தோம். இன்றும் வருடத்தில் ஒன்பது மாதம் ஏரியில்தான் இருக்கிறார். வீட்டுக்கு வந்த முதல் கிழமை முழுக்க ஓரிடத்தில் இருக்கமாட்டார். அறைக்கு அறை நடப்பார். இப்போது என் தோளுக்கு வளர்ந்துவிட்ட மகள் அவர் கையைப் பிடித்து இருத்துவாள்.

"கரைக்கு வந்தாச்சு. இருங்கோ, அம்மா."