பாதிப் புத்தகத்தோடு விமானம் ஏறியவர்

விமானங்களைப் பற்றிப் படிக்க நல்ல புத்தகமாகச் சொல்லுங்கள் என்று யாராவது கேட்டால் நான் உடனே பதில் சொல்வதில்லை. "அடுத்த மாசம் எங்கயாச்சும் பறக்கப் போறீகளா?" என்று முதலில் விசாரித்துக்கொள்வேன். பறக்கப் போகிறவர்களுக்கு ஒரு பட்டியல், தரையிலேயே இருக்கப் போகிறவர்களுக்கு வேறொரு பட்டியல். இந்த எச்சரிக்கை ஒரே ஒரு ஆளிடம் பட்ட பாட்டால் வந்தது. அந்த ஆளுக்குத்தான் நான் கழுத்தை நீட்டியிருக்கிறேன்.

எனக்கு இந்தப் பைத்தியம் பிடித்த கதையைச் சொல்லிவிடுகிறேன். சிவகாசியில் ஓர் அச்சகத்தின் பைண்டிங் பிரிவில் வேலை பார்க்கிறேன். பதினாறு பக்கங்கள் சேர்ந்த மடிப்பைப் பாரம் என்போம். பாரங்களை வரிசையாக அடுக்கி, ஒரு பக்கமும் விட்டுப்போகாமல் பார்ப்பது என் பொறுப்பு. மை சரியாக விழாத தாள்களை வீட்டுக்குக் கொண்டுபோய் அலமாரியில் விரிப்பது எங்கள் எல்லோருக்கும் வழக்கம். அப்படி விரித்த தாள்களில் ஒருநாள் கடலுக்கு மேலே இரண்டு எஞ்சினும் நின்றுபோன விமானம் ஒன்று இருந்தது. மடிக்காத தாளில் ஒரு பக்கம் நேராக இருக்கும், அடுத்தது தலைகீழாக இருக்கும். உளுந்து டப்பாவை நகர்த்தி, கழுத்தைச் சாய்த்து, முப்பத்திரண்டாம் பக்கம் வரை வந்துவிட்டேன். கேப்டன் பயணிகளைக் குனிந்துகொள்ளச் சொல்கிறார். அத்தோடு சரி. மூன்றாம் பாரம் என் அலமாரிக்கு வரவே இல்லை.

மறுநாள் அச்சகத்தில் விசாரித்தால், மூன்றாம் பாரத்தை ஓட்டியவர் ஒரு தாளைக்கூட வீணாக்காத மெஷின்மேன். முதலாளி அவரை மெச்சிக்கொண்டிருந்தார். எனக்கு அந்த மனுஷனைப் பார்க்கப் பார்க்க எரிச்சலாக வந்தது. பாரங்கள் பைண்டிங்குக்கு வரும்வரை பொறுத்திருந்து, நின்றபடியே படித்தேன். எல்லோரும் பிழைத்துவிட்டார்கள். அன்று எனக்கு இருந்த சந்தோஷத்தில் பக்கத்தில் பசை தடவிக்கொண்டிருந்த பெண்ணுக்கு டீ வாங்கிக் கொடுத்தேன். காரணம் கேட்டாள். "எரநூறு பேரு பொழச்சுக்கிட்டாக" என்றேன். எந்த ஊரில் என்று பதறிப்போய்விட்டாள்.

அதற்குப் பிறகு கையில் கிடைத்ததையெல்லாம் வாங்கினேன். மீசைக்காரர்கள் சிறகு கட்டிக்கொண்டு மேட்டிலிருந்து குதித்த காலத்துப் புத்தகம், ரயிலும் கப்பலும் விமானமும் விபத்துக்குள்ளானதை விசாரிக்கிற புத்தகங்கள், காகிதத்திலும் மரத்தகட்டிலும் கிளைடர் செய்யச் சொல்லித் தருகிற புத்தகம். படித்ததைச் சாப்பிடும்போது சொல்வேன். எதிரே உட்கார்ந்து கேட்பவர்கள் இரண்டு பேர். ஒருவர் என் வீட்டுக்காரர். இன்னொருத்தி எங்கள் ஒரே மகள்.

இரண்டு பேருக்கும் ஒரே கதை இரண்டு விதமாக உள்ளே போயிருக்கிறது என்பது எனக்கு ரொம்பப் பிந்தித்தான் தெரிந்தது. மகள் விமானப் பராமரிப்பு படித்து, லைசென்ஸ் வாங்கி, சென்னை விமான நிலையத்தில் இன்ஜினீயராகச் சேர்ந்துவிட்டாள். வந்து இறங்கும் விமானத்தைச் சுற்றிப் பார்த்து, சரியாக இருக்கிறது என்று அவள் கையெழுத்துப் போட்டால்தான் அது மறுபடியும் கிளம்பும். வீட்டுக்காரரோ விமானத்தில் ஏற மாட்டேன் என்று ஒரே பிடியாகப் பிடித்துக்கொண்டார்.

அவர் பயந்தாங்கொள்ளி என்று நினைத்துவிட வேண்டாம். நாரணாபுரம் பக்கம் ஒரு பட்டாசு ஆலையில் போர்மேன். மருந்து கலக்கிற அறைக்குத் தினமும் காலையில் முதல் ஆளாகப் போகிறவர் அவர். வாசலில் செம்புத் தகடு ஒன்று பதித்திருக்கும். உடம்பில் இருக்கிற மின்சாரம் மண்ணுக்கு இறங்கட்டும் என்று அதில் உள்ளங்கையை வைத்துவிட்டுத்தான் யாரும் உள்ளே நுழைய வேண்டும். அவர் தொட்டு, உள்ளே போய்ப் பார்த்து, வெளியே வந்து தலையசைத்த பிறகே வேலையாட்கள் போவார்கள். அப்படிப்பட்ட மனுஷன் பிளேன் என்றால் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"மருந்துக்குப் பக்கத்துல நிக்கிறீக, இதுக்கு என்ன?" என்று கேட்டேன்.

"அங்கன ரெண்டு பக்கமும் கதவு இருக்கு. வெளிய பாத்துத் தொறக்கும். நா ஓடிருவேன். மேல போயி எங்க ஓடுறது?" என்றார்.

மகள் லைசென்ஸ் வாங்கியதும் எங்கள் இருவருக்கும் டிக்கெட் போட்டாள். கிளம்புகிற அன்று ஆலையில் ஆய்வுக்கு ஆள் வருகிறார்கள் என்று இவர் நின்றுகொண்டார். அப்படி யாரும் வரவில்லை என்பது எனக்குத் தெரியும், மகளுக்கும் தெரிந்தது. அவள் கோபப்பட்டிருந்தால் தேவலை. போனில் மெதுவாகத்தான் சொன்னாள். "நா கையெழுத்துப் போட்ட பிளேன்ல ஊரே ஏறுதுப்பா. நீங்க மட்டும் ஏற மாட்டீக." இவர் போனை என்னிடம் கொடுத்துவிட்டு மொட்டை மாடிக்குப் போய்விட்டார். அப்பா தன் வேலையை நம்பவில்லை என்ற எண்ணம் அவளுக்குள் விழுந்துவிட்டது. அதை எடுக்காமல் விட்டால் ஆயுசுக்கும் கிடக்கும் என்று எனக்குப் பயமாக இருந்தது.

புத்தகத்தால் வந்த வினையைப் புத்தகத்தாலேயே தீர்க்கலாம் என்று இறங்கினேன். முதலில் கிளைடர் புத்தகம். தினசரிக் காலண்டரில் கிழித்த தாள்களை மடித்து அவர் விட்ட கிளைடர்கள் பக்கத்துத் தெரு வரை போயின. நான் மடித்தவை துணி காயும் கொடியைத் தாண்டவில்லை. "பேப்பரு நல்லாத்தான் பறக்குது. நா எதுக்குப் பறக்கணும்?" என்றார். அடுத்து வரலாறு. மேட்டிலிருந்து குதித்த மீசைக்காரர்களின் படங்களைப் பார்த்துவிட்டு, "இவுகளுக்கெல்லாம் வீட்டுல வேல ஒண்ணும் இல்லையா?" என்று திருப்பிக் கொடுத்தார்.

கடைசியாக விபத்து விசாரணைப் புத்தகத்தைக் கொடுத்தேன். அது என் முட்டாள்தனம். அந்தமாதிரிப் புத்தகங்களில் பாதி வரை விமானம் விழும். மிச்சப் பாதியில்தான் ஏன் விழுந்தது, அடுத்தது விழாமல் இருக்க என்னத்தை மாற்றினார்கள் என்பது வரும். நான் அந்த இரண்டாம் பாதிக்காகத்தான் படிக்கிறவள். இவர் விழுந்த இடத்தில் புத்தகத்தை மூடி, உளுந்து டப்பாவின் மேல் வைத்துவிட்டார். "மிச்சத்தையும் படிங்க" என்று எம்புட்டோ கெஞ்சினேன். "அதான் விழுந்துருச்சே" என்றார்.

இந்த வருஷம் மகள் மறுபடியும் கூப்பிட்டாள். போகும்போது ரயிலில் வாருங்கள், திரும்பும்போது மதுரைக்கு விமானம், அன்று எனக்குப் பகல் டியூட்டி என்றாள். இவர் சரி என்று சொன்னதே எனக்கு ஆச்சரியம். அவள் போட்ட ஒரே நிபந்தனை, அப்பா ஆலைச் சட்டை, ஆலைப் பை எதையும் எடுத்து வரக் கூடாது என்பது. மருந்து வாசனை பிடிக்கிற நாய் விமான நிலையத்தில் இருக்குமாம். புதுச் சட்டை, புதுப் பை, புதுச் செருப்பு என்று இரண்டாம் கல்யாணத்துக்குப் புறப்பட்ட மாப்பிள்ளையாக வந்தார். சோதனை செய்கிற இடத்தில் கையைத் தூக்கிக்கொண்டு நின்றவர், வெளியே வந்து, "நம்ம ஆலை கேட்டுல தடவுறத விட நல்லாத் தடவுறாக" என்று பாராட்டினார். சரி, ஆள் தேறிவிட்டார் என்று நானும் நிம்மதியாக இருந்தேன்.

விமானம் ஏறக் காத்திருக்கும் இடத்தில் உட்கார்ந்ததும் சட்டைப் பையிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்து நீட்டினார். சாயங்கால ரயிலுக்கு டிக்கெட். அவர் ஒருவருக்கு மட்டும்.

"நீ போ. நா ரயில்ல வந்துருதேன். அவகிட்ட ஏறிட்டேன்னு சொல்லிரு."

எனக்கு வந்த கோபத்துக்கு அங்கேயே கத்தியிருப்பேன். சுற்றிலும் ஆட்கள். "அவ கீழ நின்னு பாப்பா. உங்க தலை தெரியலைன்னா என்னன்னு சொல்ல?" என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டேன். அவர் கண்ணாடிச் சுவருக்கு அப்பால் பார்த்தார். எங்கள் விமானம் வந்து நின்றிருந்தது. ஆரஞ்சு நிறக் கோட்டும் காதை மூடிய கருவியுமாக ஒரு சின்ன உருவம் அதைச் சுற்றி நடந்தது. நடையை வைத்தே இருவருக்கும் தெரிந்துவிட்டது.

அவள் சக்கரத்துக்குப் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்தாள். டார்ச் அடித்தாள். விரலால் தடவினாள். ஏதோ கருவியை வைத்து அளந்தாள். எழுந்து நாலடி போனாள், திரும்பி வந்து மறுபடியும் அளந்தாள். யாரோ ஒருவர் வந்து கைக்கடிகாரத்தைக் காட்டிப் பேசினார். அவள் தலையை இடமும் வலமும் ஆட்டினாள். அவர் மறுபடியும் பேசினார். இவள் மறுபடியும் ஆட்டினாள்.

கொஞ்ச நேரத்தில் ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். தொழில்நுட்பக் காரணத்தால் மதுரை விமானம் தாமதம்.

அந்த ஒரு வார்த்தையில் நான் படித்த அத்தனை புத்தகமும் அட்டையிலிருந்து கிளம்பி வந்தது. சக்கரம் வெடித்த கதை எனக்கு நாலு தெரியும். துணை விமானி கவனித்தும் கேப்டனிடம் சொல்லத் தயங்கிய கதை ஏழெட்டுத் தெரியும். "என்னங்க, ரயிலுக்கே போயிருவோமா? நின்னுக்கிட்டாச்சும் வந்துருதேன்" என்றேன். ஊருக்கெல்லாம் விமானப் புத்தகம் சொல்லும் நான்தான் இப்படிச் சொன்னேன். இன்றைக்கும் அதை வைத்து அவர் என்னைக் கேலி செய்கிறார்.

அவரைத் திரும்பிப் பார்த்தால், முகத்தில் எத்தனையோ நாளாக நான் பார்க்காத ஒரு சிரிப்பு.

"நிறுத்திட்டாள்ல?" என்றார்.

எனக்கு எம். புதுப்பட்டியில் அவர் முன்பு வேலை பார்த்த ஆலை ஞாபகம் வந்தது. தீபாவளி சீசன், வாசலில் லோடு ஏற்ற லாரி நிற்கிறது, தூரத்தில் இடி கேட்டது, மின்னல் இறங்கினால் மருந்து பற்றிக்கொள்ளும் என்று அத்தனை பேரையும் அறைகளை விட்டு வெளியே கூட்டி வந்துவிட்டார். ஒரு சொட்டு மழை இல்லை. முதலாளி வானத்தைக் காட்டிக் காட்டித் திட்டினார். "இடி கேட்டுச்சு" என்பதைத் தவிர இவர் வேறொன்றும் சொல்லவில்லை. அன்று அவர் காது சரியாகத்தான் கேட்டதா என்று யாருக்கும் தெரியாது. வீட்டுக்கு வந்து ரெண்டு தட்டுச் சோறு சாப்பிட்டார். மகள் அப்போது பள்ளிக்கூடத்துப் பிள்ளை. திட்டு வாங்கிய மனுஷன் எதற்குச் சிரிக்கிறார் என்று பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள்.

எங்களுக்கு முன் வரிசையில் இருந்தவர் போனில் சத்தம் போட்டார். "எவனோ ஒரு மெக்கானிக்கு சக்கரத்தப் பாத்துட்டு நிறுத்திட்டான் சார். காலையில இருந்து இதே சக்கரத்துலதான பறந்துச்சு, இப்ப என்ன வந்துச்சு?"

இவர் எழுந்து அவர் தோளைத் தொட்டார். "மெக்கானிக்கு இல்லீக. இன்ஜினீயரு. எம் மக." அந்த ஆள் போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டார். அதற்குள் ஜாக்கி வைத்து விமானத்தின் ஒரு பக்கத்தைத் தூக்க ஆரம்பித்திருந்தார்கள். கழற்றுகிறார்கள், புதுசு வருகிறது, போல்ட்டு முடுக்குகிறார்கள் என்று இவர் அந்த ஆளுக்குப் பக்கத்தில் நின்று ஒவ்வொன்றாக விளக்கினார். கைகள் சும்மா இருக்கவில்லை. ரயில் டிக்கெட்டை மடித்து மடித்து ஒரு கிளைடர் செய்திருந்தார். அதை வீசினார். வரிசை நாற்காலிகளைத் தாண்டிப் போய், அறிவிப்புச் செய்த பெண்ணின் மேஜையில் இறங்கியது.

பஸ்ஸில் கூட்டிப்போய் விமானத்தின் பக்கத்தில் இறக்கினார்கள். மகள் சக்கரத்தடியில் நின்றிருந்தாள். வேலை நேரம் என்பதால் கிட்டே வரவில்லை. எனக்குப் படிக்கட்டில் கால் எடுத்து வைக்கவே ஆகவில்லை. இவர் என் மணிக்கட்டைப் பிடித்து மேலே கூட்டிப்போனார். வாசலில் நின்றார். உள்ளே கும்பிட்டுக்கொண்டிருந்த பணிப்பெண்ணைக் கவனிக்கவில்லை. கதவுக்குப் பக்கத்துத் தகட்டில் உள்ளங்கையை முழுசாகப் பதித்து, ஒரு நொடி நின்றார். ஆலையில் மருந்து அறைக்குள் போவதற்கு முன்னால் செய்வது அப்படியேதான்.

"தொட்டுட்டு ஏறு" என்றார் என்னிடம். தொட்டுவிட்டுத்தான் ஏறினேன்.

திரும்பிக் கீழே பார்த்தேன். மகள் காதை மூடிய கருவியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மேலே போனதும் நான் கண்ணை இறுக மூடிக்கொண்டேன். அதனால் மேகத்தைப் பற்றி என்னிடம் கேட்காதீர்கள். என் கைப்பையைத் திறக்கும் சத்தம் கேட்டது. "அந்தப் பொஸ்தகத்தக் கொண்டாந்திருக்கியா? மிச்சத்தப் படிக்கணும்" என்றார். மதுரை வரும்வரை பக்கம் திருப்புகிற சத்தம் கேட்டுக்கொண்டே வந்தது.

இப்போது பறக்கப் போகிறவர்களின் பட்டியலிலும் விபத்துப் புத்தகத்தைச் சேர்த்திருக்கிறேன். பாதியில் மூடக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொள்வேன், அவ்வளவுதான்.

மதுரையில் இறங்கி நடந்துகொண்டிருக்கும்போதே மகள் கூப்பிட்டாள். போனை இவரிடம் கொடுத்தேன். "அப்பா, எப்படி இருந்துச்சு?" என்று அவள் கேட்டது எனக்கும் கேட்டது. மேகம், ஜன்னல், சாப்பாடு என்று ஏதாவது சொல்வார் என்று பார்த்தேன்.

"புதுச் சக்கரம் நல்லா உக்காந்துச்சு தாயி" என்றார்.

அவள் "அம்மாகிட்ட குடுங்க" என்றாள். வாங்கிக் காதில் வைத்தேன். அவளைச் சுற்றி நின்ற விமானங்களின் இரைச்சல்தான் கேட்டது. நான் அவசரப்படுத்தவில்லை. போனைப் பிடித்தபடி, முன்னால் பையைத் தூக்கிக்கொண்டு போகிற அவள் அப்பாவின் பின்னாலேயே நடந்தேன்.