பதினேழாவது கேள்வி

செல்லத்துரைக்கு வண்டிப்பெரியாருக்கு மேலே ஒரு தேயிலை ஃபேக்டரியில் வேலை. வாய்ப்பேச்சில் கெட்டிக்காரர். தொழிலாளர் வீடுகள் வரிசையாக ஒட்டி நிற்கும் லயத்து முற்றத்தில் அவர் வந்து நின்றால் சிரிப்புக்குக் குறைவிருக்காது. வீட்டுக்குள் அவர் செய்யும் ஒரு காரியம் மட்டும் லயத்தில் யாருக்கும் தெரியாது.

நான்கு வருஷத்துக்கு முன் மனைவி சாந்தம்மாள் கொழுந்துக்கட்டோடு சரிவில் விழுந்து தோளை முறித்துக்கொண்டாள். எலும்பு கூடிவிட்டது. ஆனால் ஈரத்துணியைப் பிழியும் தெம்பு திரும்பவில்லை. அன்றிலிருந்து அவளுடைய சேலை, ரவிக்கை, பாவாடை எல்லாவற்றையும் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு செல்லத்துரைதான் துவைக்கிறார். வெளியே கொடியில் விரிப்பது மட்டும் சாந்தம்மாள்.

போன ஜூலையில் ஒரு கல்லூரிக்காக ஞானஜோதி என்ற பெண் சர்வே எடுக்க வந்தாள். சாந்தன்பாறை ஏலத்தோட்டத்துப் பிள்ளை. ஆணும் பெண்ணும் சமம் என்பதை மக்கள் எந்த அளவுக்கு ஏற்றுக்கொள்கிறார்கள் என்று பார்க்க நாற்பது வாக்கியங்கள் வைத்திருந்தாள். ஒவ்வொன்றுக்கும் சரி, சரியில்லை என்று சொன்னால் போதும். செல்லத்துரை அவளிடம் டீக்கடை பெஞ்சில் அகப்பட்டார். பக்கத்து வீட்டு மரியஜோசப்பும் இன்னும் மூன்று பேரும் கூடவே இருந்தார்கள். பதினேழாவதை அவள் வாசித்தாள்: மனைவியின் துணியைத் துவைப்பது ஆணுக்கு அழகல்ல.

“சரிதான். அதெல்லாம் ஆம்பள செய்யற வேலையா?” என்றார் செல்லத்துரை. பெஞ்சே சிரித்தது.

அன்றைக்கு ராத்திரி மனசு கேட்காமல் அதை மனைவியிடம் சொல்லிவிட்டார். சாந்தம்மாள் கோபப்படவில்லை.

“கொழுந்து நிறுக்குற எடத்துல வச்சு என்கிட்டயும் அதத்தான் கேட்டா. நானும் சரின்னுதான் சொன்னேன்.”

“நீ எதுக்குச் சொன்ன?”

“சுத்தி அத்தன பொம்பளைங்க. உங்கள எவளும் ஒரு சொல்லு சொல்லிரக் கூடாதுல்ல.”



மறுநாள் வேலை முடிந்ததும் பஸ் ஸ்டாப்பில் ஞானஜோதியைப் பிடித்து, தன் பதிலையும் சாந்தம்மாளின் பதிலையும் அடித்துவிடச் சொன்னார். எழுதியதை மாற்ற முடியாது என்றவள், என்ன விஷயம் என்று கேட்டாள். நான்கு வருஷமாக எவரிடமும் சொல்லாததை, பையும் குடையுமாக நின்றவளிடம் சொல்லி முடித்தார்.

“நாலு பேரு முன்னால வச்சு அழகா, இல்லையான்னு கேட்டா ஊருக்குத்தான் பதில் சொல்லுவோம் டீச்சர். உள்ள வந்து, உங்க வீட்ல யாரு துவைக்காங்கன்னு கேளுங்க.”

வந்த பஸ்ஸை விட்டுவிட்டு அவள் அதை எழுதிக்கொண்டாள்.

இரண்டு மாதம் கழித்துப் புதுத் தாளோடு வந்தாள். இந்தத் தடவை வீட்டுக்குள், ஒவ்வொருவராக, கதவைச் சாத்திக்கொண்டு கேட்டாள். உங்கள் வீட்டில் மனைவியின் துணியை யார் துவைக்கிறார்கள்? தெரிந்தால் லயத்தில் என்ன சொல்வார்கள்? முதலாவதுக்கு நான்தான் என்றார் செல்லத்துரை. இரண்டாவதுக்கு, சிரிப்பார்கள் என்றார். பிறகு தயங்கித் தயங்கி, இப்படி வேறு யாராவது சொன்னார்களா என்று கேட்டார்.

“பேரு சொல்லக் கூடாதுண்ணே. ஆனா நீங்க ஒத்தையில இல்ல.”

வெளியே வந்து லயத்தின் பன்னிரண்டு கதவுகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். உள்ளே சாந்தம்மாளின் முறை. தாளில் இருந்ததை ஞானஜோதி வாசித்து முடிக்கக்கூட இல்லை. “எங்க வீட்டுக்காரருதான்” என்ற குரல் கதவைத் தாண்டிக் கேட்டது.