எலியக்கா போட்ட மரத்தூள்

எலியக்கா போய்ச் சேர்ந்து இன்றோடு பதினோரு நாள். பல் மருத்துவக் கல்லூரி ஆய்வகத்தில் பத்தொன்பது ஆண்டுகள் எலிக்கூண்டுகளைப் பார்த்துக்கொண்டவர். எலும்பை மெல்லிசாகச் சீவிக் கண்ணாடித் தகட்டில் ஏற்றுவது என் வேலை. அவருடைய எலிகள் கடைசியில் என் மேசைக்குத்தான் வரும். "வளர்க்கிறது நான், வெட்டுறது நீ. நமக்குள்ள எப்படித் தம்பி ஒத்துப்போகுது?" என்பார்.

அந்தச் சோதனைக்கு வந்தவை, சினைப்பைகளை எடுத்துவிட்டதால் எலும்பு மெலிந்துபோன பெண் எலிகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு கடைவாய்ப் பல்லைப் பிடுங்கினோம். பாதிக்கு மட்டும், குடலுக்கு நன்மை செய்யும் நுண்ணுயிர்களைக் குடிநீரில் கலந்தோம். அவற்றுக்குப் பல்லிருந்த குழியில் எலும்பு கூடுதலாக வளருமா என்பதே கேள்வி.

ஆறு வாரம் கழித்து வெட்டிப் பார்த்தேன். இரண்டு பாதிக்கும் ஒரே அளவு. ஆய்வை நடத்திய பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"ரெண்டு வருஷ வேலை. நுண்ணுயிரால பிரயோசனம் இல்லைன்னு எழுதி மூடிடுவோம்."

தள்ளுவண்டியில் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்த எலியக்கா நிமிர்ந்தார்.

"எழுதாதீங்க மேடம். நான் ஒண்ணு செஞ்சேன்."

பல் பிடுங்கிய பிறகு சில எலிகள் தீனியைத் தொடவில்லை. நன்றாகத் தின்னும் எலிகளின் கூண்டுகளில் விரித்திருந்த மரத்தூளை ஒரு கை அள்ளி, தின்னாதவற்றின் கூண்டில் போட்டிருக்கிறார். மற்றவற்றின் வாசனை பட்டால் தின்னும் என்று அவருக்குத் தெரியும். தின்றன. தூளில் கிடந்த புழுக்கைகளையும் சேர்த்துத் தின்றன. எலிகளின் பழக்கம் அது. அப்படியே நுண்ணுயிரும் மறுபாதிக்குப் போய்விட்டது.

"எத்தனை கூண்டு?"

"நெறைய."

"ஒரு கூண்டுப் பொருள் இன்னொண்ணுல போகக்கூடாதுன்னு சுவத்துலயே ஒட்டியிருக்கு. வேலை போயிடும்னு தெரியுமில்ல?"

"தெரியும். அதுக்காகத் தப்பா எழுத விட முடியுமா? என் எலும்பும் இவளுங்க எலும்பு மாதிரிதான் மேடம். போன வருஷம் தும்மினதுக்கே விலா எலும்பு விரிசல் விட்டுப்போச்சு. நாளைக்கு எனக்கும் பல் பிடுங்குவாங்க."

"முன்னாடியே சொல்லியிருக்கலாம்."

"நீங்க எலியைத்தானே கேட்டீங்க. என்னை யாரு கேட்டா?"

பேராசிரியருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வேலை போகவில்லை. எச்சரிக்கைக் கடிதம் ஒன்று வந்தது. எலியக்கா அதைப் பொறுமையாகப் படித்து, அதிலிருந்த எழுத்துப்பிழையைச் சுட்டிக்காட்டிவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

மறுபடி முதலிலிருந்து தொடங்கினோம். இரண்டு பாதிக்கும் தனித்தனித் தூள் மூட்டை, தனித்தனிக் கையுறை. தின்னாத எலிகளுக்குத் தீனியை ஊறவைத்து விரல்நுனியில் ஊட்டினார். செய்வதையெல்லாம் நோட்டில் எழுதினார். இந்த முறை வித்தியாசம் தெரிந்தது: நுண்ணுயிர் குடித்த பாதிக்கு எலும்பு கூடுதல். பெரிதாக இல்லை, ஆனால் சந்தேகத்துக்கு இடமில்லாத அளவுக்கு இருந்தது.

அவரைக் கூப்பிட்டு நுண்ணோக்கியில் காட்டினேன். வெகுநேரம் குனிந்து பார்த்தார்.

"இதுல எது எலும்பு?"

சொன்னேன்.

"அப்படின்னா முதல் தடவை எல்லாத்துக்குமே நல்லதுதான் செஞ்சிருக்கேன்" என்று சொல்லிவிட்டு, கூண்டு கழுவப் போனார்.